அம்பயரின் கண்ணை நான் அளந்த விதம்

கண்ணை அளக்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, தலையில் எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்பதுதான். பாதிப் பேர் கேட்பதில்லை. கண்ணைப் பார்க்கத்தானே போகிறோம், தலைமயிருக்கும் அதற்கும் என்ன என்று நினைத்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் வழிய வந்து உட்காருவார்கள். நான் கோபப்படுவதில்லை. ஷாம்பு போத்தலையும் துவாயையும் கையில் கொடுத்து, பின்பக்கத்துக் குழாயைக் காட்டுவேன். பதினொரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒரு நோயாளியைக்கூடக் கடிந்து பேசியதாக நினைவில்லை. இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தால் மீதியை நிதானமாக வாசிப்பீர்கள்.

ஸிராஜ் ஹாஜியார், பள்ளிவாசல் விசாரணைக் குழுவின் தலைவர் என்ற முறையில், நடந்ததை என் கையாலேயே எழுதித் தரும்படி கேட்டீர்கள். எழுதுகிறேன். என் பெயர் ஹாதிக். கல்முனையில் ஒரு தனியார் கண் கிளினிக்கில் இயந்திரம் இயக்குகிறவன். கிளினிக்கின் பெயரை எழுத வேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். அது நியாயமான வேண்டுகோள்.

இயந்திரத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். வழக்கமாகப் பார்வையை அளப்பது எழுத்துப் பலகையை வைத்து. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சிறிய எழுத்து. அதில் ஒரு குறை இருக்கிறது. கண்ணை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு உண்மையில் ஆளின் வாயைத்தான் அளக்கிறோம். பேச்சு வராத குழந்தையை எப்படி அளப்பது? வேண்டுமென்றே தெரியாது என்கிறவரை எப்படி அளப்பது? எங்கள் இயந்திரம் யாருடைய வாயையும் கேட்பதில்லை. ஆளை இருட்டறையில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைப்போம். திரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் இருக்கும். நொடிக்கு இரண்டு தடவை கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். கண் அதைக் கண்டால், தலையின் பின்பக்கத்தில், மூளையில் பார்வைக்கு உரிய இடத்தில், மிகச் சிறிய மின்துடிப்பு ஒன்று எழும். அந்த இடத்துக்கு மேல் தோலில் பசை வைத்து ஒட்டிய வயர் துடிப்பைப் பிடித்துக் கொம்பியூட்டருக்கு அனுப்பும். அங்கே அது அலையாகத் தெரியும். பிறகு கட்டங்களைச் சிறிதாக்கிக்கொண்டே போவோம். எந்த அளவில் அலை நின்றுபோகிறதோ, அதுதான் பார்வையின் எல்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, கரும்பலகை தெரியவில்லை என்று தாயோடு வந்தாள். பக்கத்து மேசைச் சிநேகிதிக்கு ஊதா நிறச் சட்டத்தில் கண்ணாடி கிடைத்திருந்ததாம். திரையைப் போட்டேன். ஆகச் சிறிய கட்டத்துக்கும் அவள் மூளை துள்ளித் துள்ளி அலை அனுப்பியது. தாய் அவளைப் பார்த்தாள், அவள் தரையைப் பார்த்தாள். “மகள், மெசின் பொய் சொல்லாது” என்றேன். நம்பித்தான் சொன்னேன். இன்றும் நம்புகிறேன், ஒரேயொரு விடயத்தைத் தவிர.

இனி பக்கீர் முகைதீன். ஊரே அவரை அண்ணன் முறை வைத்துப் பக்கீர் காக்கா என்றுதான் கூப்பிடும். வயது அறுபத்து மூன்று. முப்பது வருடமாக எங்கள் கடற்கரை மைதானத்தில் நடக்கும் மென்பந்துக் கிரிக்கெட் போட்டிகளுக்கெல்லாம் அவர்தான் அம்பயர். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, பையில் ஓவர் எண்ண ஆறு புளியங்கொட்டை. அவர் விரலைத் தூக்கினால் தூக்கியதுதான். யார் கத்தினாலும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இந்த வருடம் தை மாதம் நடந்த இறுதிப் போட்டியில் ஒரு பிடியைப் பற்றிச் சண்டை வந்தது. பந்து தரையில் பட்டது என்றது தோற்ற கழகம், பட்டதை அம்பயர் காணவில்லை என்றார்கள். பிறகு அது அம்பயருக்குக் கண்ணே தெரியாது என்று வளர்ந்தது. பக்கீர் காக்கா எழுத்துப் பலகையைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடி இல்லாமல் மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு கீழிருந்து மேலே வாசித்தார். அவருடைய மைத்துனர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், தினமும் அசர் தொழுகைக்குப் பிறகு இவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார், பலகை பாடமாகிவிட்டது என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. கழகங்கள் கூட்டம் போட்டன. கூட்டத்தில் நான் எழுந்து, வாயைக் கேட்காமல் கண்ணை அளக்கும் இயந்திரம் ஒன்று கல்முனையில் இருக்கிறது என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

முதலில் சம்மதித்தவர் பக்கீர் காக்காதான்.

“நல்ல கதை. தம்பி அளக்கட்டும். கண் பிழையெண்டா நானே கோட்டக் கழட்டி வெச்சிட்டுப் போறன்” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை சைக்கிளில் வந்தார். தலையில் எண்ணெய் இல்லை. சொன்னபடி செய்திருந்தார். அது என்னைக் கொஞ்சம் தடுமாற வைத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

தலையில் மூன்று இடத்தில் வயர் ஒட்ட வேண்டும். நெற்றியில் ஒன்று, உச்சியில் ஒன்று, பின்மண்டையில் ஒன்று. மூன்றையும் ஒழுங்காக ஒட்டினேன். மற்ற முனைகளைச் சிறிய பெட்டி ஒன்றில் செருக வேண்டும். நெற்றி வயரைச் செருகினேன். உச்சி வயரைச் செருகினேன். பின்மண்டை வயரைச் செருகவில்லை. அவ்வளவுதான். ஆகவே நான் ஏதோ செய்துவிட்டேன் என்று ஊரில் கதைப்பது சரியில்லை. ஒன்றைச் செய்யாமல் விட்டேன். வயர் செருகப்படவில்லை என்றால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். அதன்மேல் ஒரு பஞ்சுத் துண்டை வைத்தேன். அதை வேண்டுமானால் செய்தது என்று சொல்லலாம்.

திரை ஓடியது. கட்டங்கள் மாறின. கொம்பியூட்டரில் கோடு வயல் வரம்பு மாதிரி நேராகப் போனது.

“கட்டம் சிறிசாகுது தம்பி” என்றார் பக்கீர் காக்கா. “இன்னும் சிறிசு. இப்ப எறும்பு மாதிரி இரிக்கி. இன்னமும் தெரியுது.”

“கதைக்காதீங்க காக்கா. வாயைக் கேக்கிற மெசின் இல்ல இது.”

சனிக்கிழமைகளில் மட்டக்களப்பிலிருந்து டொக்டர் பாக்கியராசா வருவார். நல்ல மனிதர், அவசரமான மனிதர். வெளியே எண்பது பேர் காத்திருப்பார்கள். அறிக்கையை முன்னால் வைத்தேன்.

“கோடு நேராக் கிடக்கு” என்றார்.

“ஓம் டொக்டர்.”

“ஒரு அலைகூட இல்ல. ஆள் எப்படி வந்தவர்?”

“சைக்கிள்ல.”

“ஆரோட?”

“தனிய.”

டொக்டர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். “பழகின ரோட்டு, டொக்டர்” என்றேன். அந்த நேரம் அடுத்த அறையில் ஒரு குழந்தை, சொட்டு மருந்துப் போத்தலைக் கண்டு வீறிட்டது. ‘மூளையில் பார்வைத் துலங்கல் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு எழுந்து போனார். அவர்மேல் எந்தப் பிழையும் இல்லை. பிழை இருந்தால் அது அந்தக் குழந்தையுடையது.

பக்கீர் காக்காவுக்கு விளங்கப்படுத்தும் வேலை என்னிடம் வந்தது. நான் எந்த நோயாளிக்கும் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்துவேன்.

“காக்கா, ஒங்கட கண் நல்லாப் பார்க்குது. ஆனா பார்த்தது மூளைக்குப் போறல்ல.”

“அப்ப இப்ப ஒன்ட முகம் எனக்குத் தெரியுதே?”

“தெரியுற மாதிரி இரிக்கும். அது பழக்கம். என்னைச் சின்ன வயசில இருந்து கண்டிரிக்கீங்க. பழக்கத்தில மூளை ஒரு முகத்தைத் தானாப் போட்டுக்கொள்ளும்.”

அவர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். “நீ மீசைய எடுத்திட்ட போல இரிக்கே. அது எனக்கு எப்படித் தெரியும்?”

“ஆரும் சொல்லியிருப்பாங்க, காக்கா. நீங்க மறந்திருப்பீங்க.”

முப்பது வருடம் தன் தீர்ப்பை யாரும் கேள்வி கேட்க விடாத மனிதர். அதனால்தானோ என்னவோ, தீர்ப்பு என்றால் அவருக்கு மரியாதை. தலையை ஆட்டினார். போகும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார், ஏறவில்லை. மறுநாள் வெள்ளைக் கோட்டைத் துவைத்து மடித்துக் கழகத்தில் ஒப்படைத்தார். புளியங்கொட்டை ஆறையும் எண்ணிக் கொடுத்தார்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அதற்கு நியாயமான விடை இருக்கிறது.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் அந்த மைதானத்தில் விளையாடினேன். கழகத்தின் பதினோராவது ஆள். ஒரு போட்டியில் கடைசிப் பந்தில் வெல்வதற்குப் பதினேழு ஓட்டம் தேவைப்பட்டது. இந்தக் கணக்கை வைத்து அவசரப்பட்டு முடிவு செய்துவிடாதீர்கள். நான் மூன்று ஓட்டத்தோடு நின்றேன். பந்தைத் தட்டினேன், ஒன்று ஓடினேன், இரண்டாவதுக்குத் திரும்பினேன். பந்து வந்து விக்கெட்டில் பட்டது. பக்கீர் காக்கா விரலைத் தூக்கினார். நான்கு ஓட்டம், ரன் அவுட். அவர் தூக்கியிருக்காவிட்டால் ஐந்து ஓட்டம், நொட் அவுட். இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று விளையாடாதவர்களுக்குச் சொல்லி விளங்காது. என் மனைவி நிப்லாவுக்குப் பல தடவை சொல்லிப் பார்த்தேன்.

அன்று என்னோடு மறுமுனையில் நின்றவன் றுமைஸ். பாலமுனைக்காரன், பிறகு நிப்லாவின் சகோதரியைக் கட்டி எனக்குச் சகலனும் ஆனவன். “மச்சான், நீ ஒரு முழம் வெளியில நிண்ட” என்று இன்றும் சொல்வான். யாரோ போனில் எடுத்த வீடியோவும் இருக்கிறது. அதில் ஒன்றரை முழம் என்று தெரிகிறது. கோணம் சரியில்லை. விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்தது.

அதன்பிறகு பக்கீர் காக்கா எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், என் கையைப் பிடித்து, வாழ்வு செழிக்க வேண்டித் துஆச் செய்தார். ஒரு வார்த்தை அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நான் காத்திருந்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது அவர் கோட்டைக் கழற்றுவது மட்டுமே. அதற்குமேல் நடந்ததெல்லாம் அவர் தானாகச் செய்துகொண்டது. வீட்டில் சுவரைத் தடவி நடக்கத் தொடங்கினார். சந்தைக்குப் போனால் மனைவி சபூறா ராத்தாவின் கையைப் பிடித்துக்கொள்வார். வீதியில் ஆடு நின்றால் நின்றுவிடுவார். “புள்ள, முன்னுக்கு ஒரு ஆடு நிக்கிற மாதிரி இரிக்கி. நிக்குதா?” என்று கேட்பார். நிற்கும். “கறுத்த ஆடு மாதிரி இரிக்கி. ஒரு கொம்பு முறிஞ்ச மாதிரி.” அதுவும் சரியாக இருக்கும். அவர் பெருமூச்சு விட்டு, “பழக்கம் எவ்வளவு வேலை செய்யுது பாத்தியா” என்பார். சந்தியில் நிற்கும் இளந்தாரிகள் மூன்று விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டால், “மூணு எண்டு தோணுது, ஆனா நான் சொல்றத நம்பாதீங்க” என்பார். நான் ஒரு வெள்ளைப் பிரம்பு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்காக அவர் எனக்குத் துஆச் செய்தார்.

சபூறா ராத்தா மட்டும் மசியவில்லை. ஒருநாள் கிளினிக்குக்கே வந்துவிட்டார்.

“தம்பி, அவருக்குக் கண் தெரியாதெண்டா, நான் மீன் ஆணத்தில போட்ட மிளகாய எப்படி ஒண்டொண்டாப் பொறுக்கிக் கோப்பைக் கரையில வெக்கிறார்?”

“பழக்கம், ராத்தா.”

“நேத்து நான் ஆக்கினது புது மீன்.”

“மிளகாய் பழைய மிளகாய்தானே.”

அவர் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இருக்கவில்லை. எழுந்து போனார்.

இப்படியே நோன்பு வந்தது. இனி உங்களுக்குத் தெரிந்த பகுதி. இருந்தாலும் வரிசையாக எழுதுகிறேன்.

இருபத்தொன்பதாவது நோன்பு. மாலையில் ஊர் முழுவதும் மேற்கே வயல்பக்கம் பிறை பார்க்கப் போனது. வானம் முழுக்க மேகம். பக்கீர் காக்காவையும் சபூறா ராத்தா கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். தெரியாவிட்டாலும் கூட்டத்தோடு நிற்கிறேனே என்று அவர் கேட்டாராம். மஃரிபுக்குப் பாங்கு சொல்லி, எல்லோரும் ஈச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு நின்ற நேரம், சம்மாந்துறைப் பக்கம் மேகம் சற்றே விலகியது. எல்லோரும் ஈச்சங்கொட்டையைத் துப்பக் குனிந்திருந்தார்கள். பக்கீர் காக்கா பிரம்பை மேலே நீட்டினார்.

“அந்தா பிறை.”

மற்றவர்கள் நிமிர்வதற்குள் மேகம் மூடிக்கொண்டது. குருடர் பிறை கண்டார் என்று ஒரே சிரிப்பு. ஆனால் அதே நேரம் பாலமுனையிலிருந்து றுமைஸ் உங்களுக்குப் போன் எடுத்து, தான் பிறையைக் கண்டதாகச் சொன்னான். மறுநாளைப் பெருநாள் என்று அறிவிக்க, பிறை கண்டதற்கு இரண்டு சாட்சி வேண்டும். றுமைஸ் ஒன்று. இரண்டாவது சாட்சி, பார்வை இல்லை என்று டொக்டர் கையெழுத்து வைத்த மனிதர். வேறு எந்த ஊரிலிருந்தும் யாரும் கண்டதாகச் செய்தி இல்லை. அப்போதுதான், ஹாஜியார், நீங்கள் எனக்குப் போன் எடுத்தீர்கள். ஒலியைக் கூட்டிப் பள்ளிவாசலில் எல்லோரும் கேட்கும்படி வைத்திருந்தீர்கள்.

“தம்பி ஹாதிக், பக்கீர் காக்கா பிறை கண்டதாச் சொல்றார். கொழும்புப் பிறைக் குழுவுக்கு அறிவிக்கணும். ஒங்கட மெசின் என்ன சொல்லுது? இவரால காண ஏலுமா?”

“மெசின் சொன்னதத்தான் நான் சொல்லலாம், ஹாஜியார். அவர்ர மூளைக்கு ஒண்டும் போறல்ல.”

“ஒரு துளியும்?”

“கோடு நேர், ஹாஜியார்.”

பிறகு பக்கீர் காக்காவின் குரல் கேட்டது. “தம்பி சொல்றது சரி. நான் பிசகிட்டன். ஒவ்வொரு வருசமும் இந்த நேரத்தில பிறை காண்றதானே. பழக்கத்தில கண்டிருப்பன். என்ட சாட்சிய எடுக்காதீங்க.”

அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. நான் அதைக் கவனித்தேன். போனை வைத்துவிட்டேன்.

பிறை தென்படவில்லை, நோன்பு முப்பதாகப் பூர்த்தி செய்யப்படும் என்று கொழும்பிலிருந்து அறிவித்தார்கள். மறுநாளும் எல்லோரும் நோன்பு பிடித்தார்கள். எங்கள் ஊர் மட்டும் அல்ல, நாடு முழுவதும். எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, குடிசன மதிப்பீட்டில் பார்த்துக்கொள்ளலாம். நிப்லா முதல்நாளே அவித்து வைத்த வட்டிலப்பம் புளித்துப் போனது. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பிள்ளைகள் பெருநாள் உடுப்பைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டோம் என்று நோன்போடு பகல் முழுவதும் கதிரையில் விறைத்து உட்கார்ந்திருந்தார்கள். கோழிக்கடைக்காரர் உரித்த கோழிகளோடு ஐஸ் தேடி அலைந்தார். இதெல்லாம் கஷ்டம்தான். ஆனால் தையல்காரர்களுக்கு ஒருநாள் கூடுதலாகக் கிடைத்தது. அவர்கள் என்னைப் பற்றி முறைப்பாடு எதுவும் செய்யவில்லை என்பதைக் குழு கவனிக்க வேண்டும்.

பெருநாள் கழிந்த வாரம் சபூறா ராத்தா கணவருடைய சாரம் என்று நினைத்து, மைத்துனருடைய சாரத்தை அவரிடம் எடுத்து நீட்டியிருக்கிறார். அறைக்கு மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்த பக்கீர் காக்கா, “அது என்டது இல்ல, கரை பச்சை” என்றிருக்கிறார். ராத்தா வேறு எதுவும் கேட்கவில்லை. பிரம்பை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு அவரை வேறொரு மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கேயும் இதே மாதிரி இயந்திரம். மூன்று வயரையும் செருகினார்கள். ஆகச் சிறிய கட்டம் வரை அலை எழுந்தது. இந்த வயதில் இப்படியொரு பார்வையைத் தாங்கள் கண்டதில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். இரண்டு அறிக்கைகளையும் கொண்டுவந்து ராத்தா உங்கள் மேசையில் வைத்தார்.

அந்த அறிக்கையை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். நேர்த்தியான அளவீடு. தொழில் தெரிந்தவர்கள் செய்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அது இந்த வருடத்துக் கண்ணைத்தான் அளந்திருக்கிறது. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் அவருடைய கண் எப்படி இருந்தது என்று அது சொல்லவில்லை. வயது போகப் போகக் கண் தெளிகிறவர்களும் இருக்கலாம். நான் இதுவரை கண்டதில்லை, இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

கடந்த வாரம் பக்கீர் காக்கா கிளினிக்குக்கு வந்தார். சைக்கிளில் ஏறித்தான் வந்தார். அடிப்பார் என்று நினைத்து முதலாளி ஓடி வந்து நடுவில் நின்றார். அவர் அடிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மகன், ஏன் செஞ்ச?”

சொன்னேன். கடைசிப் பந்து, பதினேழு ஓட்டம், இரண்டாவது ஓட்டம், எல்லாம் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

“எனக்கு ஞாபகம் இல்லையே” என்றார்.

ஹாஜியார், இந்த விடயத்தில் என்னை யாரும் காயப்படுத்தவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

“அந்தக் காலத்தில நீ வெளையாடினியா?” என்று மீண்டும் கேட்டார். பிறகு என் தோளைத் தட்டினார். “மூணு மாசம் என்ட கண்ணை நானே நம்பல்ல. கண்ணால கண்ட பிறைய வாயால இல்லையெண்டு சொன்னன். அதுக்கு நீ அல்லாஹ்விட்ட கேட்டுக்கோ. நான் மன்னிச்சிட்டன்.” எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி, “எண்டாலும் நான் விரலத் தூக்கினன் எண்டா, நீ அவுட்தான்” என்றார்.

மன்னித்த கையோடு இதையும் சொன்னார். அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு இதுவே போதும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்க வேண்டும் என்பதால் அதையும் எழுதுகிறேன்.

அந்த மாலை நான் வேலை முடிந்து காரைதீவைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பாங்கு கேட்டதும் ஓரமாக நிறுத்தி, தண்ணீர் குடித்து நோன்பு திறந்தேன். மேற்கே பார்த்தேன். மேகம் விலகியது. பிறை இருந்தது. மெல்லியதாக, கொஞ்சம் இடப்பக்கம் சரிந்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. பிறை கண்டால் ஓத வேண்டிய துஆவையும் ஓதினேன். வீட்டுக்கு வந்து மஃரிபு தொழுது முடித்துக் கையை முகத்தில் தடவும்போதுதான் உங்கள் போன் அடித்தது.

மறுநாள் நான் நோன்பு பிடிக்கவில்லை. பெருநாளன்று நோன்பு பிடிப்பது ஹராம். மார்க்க விடயத்தில் நான் கவனமானவன். கிளினிக்கின் இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு மீன் அடைத்த மாலுபாண் இரண்டு சாப்பிட்டேன்.

நானும் கண்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் றுமைஸோடு சேர்த்து இரண்டு சாட்சி ஆகியிருக்கும், எல்லோருக்கும் பெருநாள் வந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதை நான் யோசிக்காமல் இல்லை. போன் காதில் இருக்கும்போதே யோசித்தேன். பிறை இருந்தது என்றால் பக்கீர் காக்கா அதைக் கண்டார் என்றாகும். கண்டார் என்றால் அவர் கண் சரி. அவர் கண் சரி என்றால் அன்று மைதானத்தில் நான் அவுட். நான் அவுட் இல்லை. ஆகவே, ஹாஜியார், அன்றைக்குப் பிறை தெரிந்திருக்க வழியே இல்லை.